பஜார் நடுவில் ஒரு மாநகராட்சிப் பள்ளி

சென்னையில் சவுகார்பேட்டைப் பக்கம் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் சில வருஷம் வேலை பார்த்தேன். அங்கே மாற்றலாகி வருகிற ஆசிரியருக்கு முதலில் தெரிய வேண்டியது பாடத்திட்டம் இல்லை, பஜார். எந்த மாதம் எந்தத் தெருவில் வியாபாரம் சூடு பிடிக்கும் என்று தெரிந்துவிட்டால், வருகைப் பதிவேட்டைத் திறக்காமலே வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று சொல்லிவிடலாம். தீபாவளி நெருங்க நெருங்க, நடைபாதையில் கடை போடுகிற வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் போவார்கள். தேடிப் போனால் என்.எஸ்.சி. போஸ் ரோட்டில், அந்தக் கூட்டத்துக்கு நடுவே, ஹேர்கிளிப் அட்டையைத் தூக்கிப் பிடித்துக் கூவிக்கொண்டிருக்கும் பிள்ளை, நம்மைப் பார்த்ததும் அதே அட்டையால் முகத்தை மறைத்துக்கொள்ளும். "பண்டிகை முடிஞ்சதும் அனுப்பிடறேன் டீச்சர்" என்பார் அம்மா. அனுப்பியும் விடுவார். அதற்குள் பீகார்க் குடும்பங்கள் சட் பூஜைக்கு ஊருக்குக் கிளம்பியிருக்கும். அவர்கள் எப்போது திரும்புவார்கள் என்பது ரயில் டிக்கெட்டின் கையில்.

ஊர் பழசுதான். சவுகார்பேட்டையும் சேர்ந்த, கறுப்பர் நகரம் என்று வெள்ளைக்காரர்கள் சொல்லிவந்த இடத்துக்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர் வைத்ததே 1911-ல். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு வருகிறவர்கள் ஏழுகிணறு, வள்ளலார் குடியிருந்த வீராசாமி தெரு வீடு, தங்கசாலை என்று பார்த்துவிட்டு, மின்ட் தெருவில் ஒரு கச்சோரியும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பார்க்க வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தின் கணக்கில் பெரிய வருஷம் 1996. கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது அப்போதுதான். மூட்டை தூக்கியவர்களின் குடும்பங்கள் பலவும் அதோடு போய்விட்டன என்று மூத்த ஆசிரியர்கள் சொல்வார்கள். அப்புறம் வீடுகள் ஒவ்வொன்றாகக் குடோன் ஆயின, மாடியில் குடியிருந்தவர்கள் புறநகருக்குப் போனார்கள். குடோனில் ஏது பிள்ளைகள்? ஆனாலும் சேர்க்கை ஏன் குறைந்தது என்று கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியது ஆசிரியர்தான்.

மிச்சம் வந்தவர்கள் இரண்டு வகை. தலைமுறையாக நடைபாதையிலேயே வாழ்கிறவர்கள், பட்டறை வேலைக்கும் சுமை வேலைக்கும் வடக்கிலிருந்து வந்தவர்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, சரி. ஆனால் எமிஸில், அதாவது மாணவர் விவரம் ஏற்றுகிற கல்வித் துறை இணையதளத்தில், முகவரி நிரப்ப வேண்டுமே. ஒரு சிறுமியின் பாட்டி, அம்மா, அவள் மூன்று பேருமே ஒரே கடை வாசலில் வளர்ந்தவர்கள். கடைக்குக் கதவு எண் உண்டு, இவர்களுக்குக் கிடையாது.

தமிழே தெரியாமல் வருகிற பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கக் கடைப் பலகைகளைத்தான் பிடித்துக்கொண்டேன். பாத்திரக்கடைப் பலகையில் 'பா', வளையல் கடையில் 'வ'. தினம் பார்க்கிற எழுத்து என்பதால் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது.

எல்லாவற்றையும் விட வருகையைத் தூக்கி நிறுத்தியது காலை உணவுதான். கடை திறப்பதற்குள் நடைபாதையைக் காலி செய்ய வேண்டிய குடும்பத்தில் காலையில் அடுப்புப் பற்றவைப்பதே பெரும்பாடு. 1920-லேயே, தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுத்துப் பார்த்த ஊர் இது. காலை உணவு வர 2022 ஆகிவிட்டது. வந்த பிறகு, முதல் மணிக்கு அப்புறம் வருகிறவர்கள் மணிக்கு முன்பே தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பொங்கல் போடும் நாளில் கேட்கவே வேண்டாம்.

எனக்குக் கடைசிவரை பிடிபடாதது 'இடைநின்றவர்' என்ற பட்டியல். நின்றவனும் இல்லை, வருகிறவனும் இல்லை என்று ஊருக்கும் சென்னைக்கும் நடுவில் பாதி வகுப்பு இருக்கிறது. ஒரு பையன் வெகுநாள் கழித்து, டி.சி.யும் வாங்காமல் போனவன், அதே பையோடு வாசலில் வந்து நின்றான். இவனை எதில் எழுதுவது என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். "முதல்ல சாப்பிட உட்கார வைங்க டீச்சர், பாத்திரத்தைக் கழுவிடப் போறாங்க" என்றார்.