ஒரு மெயில் முகவரி 600 ரூபாய் பெறுமா? கணக்குப் போட்ட அனுபவம்

சுங்குடிச் சேலை விற்கும் எங்கள் ஆன்லைன் கடைக்கு, விளம்பர மெயில் அனுப்ப மெயில் முகவரிகள் சேர்த்துத் தர ஒரு ஏஜென்சி முன்வந்தது. முகவரிக்கு 60 ரூபாய் கேட்டார்கள். "ஒரு சந்தாதாரர் உங்களுக்கு 600 ரூபாய் பெறுவார் சார், நாங்க கேட்கிறது பத்துல ஒண்ணுதானே" என்றார்கள். அந்த 600 எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்த்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் விளம்பர மெயில்களை அனுப்பித் தரும் சேவையின் டாஷ்போர்டிலிருந்துதான் (கணக்குகளைக் காட்டும் பக்கம்) எடுத்திருக்கிறார்கள். மாதம் தலைக்கு 24 ரூபாய் 'மெயில் மூலம் விற்பனை' என்று அதில் இருந்தது. மாதம் 4% பேர் விலகுகிறார்கள், ஆக ஒருவர் சராசரியாக 25 மாதம் இருப்பார். பெருக்கினால் 600. பெருக்கல் சரிதான், அந்த 24 தான் தப்பு.

மெயிலைத் திறந்து ஐந்து நாளுக்குள் ஒருவர் எதை வாங்கினாலும் அந்தச் சேவை தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. வாட்ஸ்அப்பில் படம் பார்த்து வாங்கியவரும் அதில் அடக்கம். திறந்தார் என்பதையும் நம்ப முடியாது. மெயிலுக்குள் இருக்கும் படம் இறங்குவதை வைத்துத்தான் அதை எண்ணுகிறார்கள். 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து, தனியுரிமைப் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டவர்களுக்கு ஐபோனின் மெயில் ஆப் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும். ஆள் மெயிலைத் தொடவே இல்லையென்றாலும் ரிப்போர்ட்டில் திறந்ததாக விழும்.

எந்தெந்த ஆர்டரை மெயில் கணக்கில் சேர்த்தீர்கள் என்று அந்த மெயில் சேவையிடம் பட்டியல் கேட்டேன். உங்கள் பிளானில் அது இல்லை என்று சொல்லி, ஒரே உதவிப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். சரி என்று கடையின் ஆர்டர்களையும் மெயில் லிஸ்டையும் இறக்கி எக்செலில் நானே பொருத்தினேன். இதைச் செய்பவர்கள் முதலில் முகவரிகளின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்கிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி ஒட்டியிருந்தால் போதும், வழக்கமாக வாங்குபவர்கூட 'இல்லை' என்றே வருவார்.

பொருத்திய பிறகுதான் அடுத்தது தெரிந்தது. கேஷ் ஆன் டெலிவரியில் போய், வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்த பார்சலும் டாஷ்போர்டில் விற்பனைதான். ஜிஎஸ்டி, கூரியர் கட்டணம் எல்லாமே உள்ளே.

உண்மையைக் காட்டியது வேறொரு வழி. லிஸ்டில் கண்ணை மூடிக்கொண்டு குலுக்கிப் போட்ட மாதிரி ஒரு பகுதியைப் பிரித்து, அவர்களுக்கு விளம்பர மெயிலை நிறுத்தினோம். ஆர்டர் உறுதி, பார்சல் விவரம் மட்டும் போனது. பிரிக்கும்போது பழைய வாடிக்கையாளர், புதியவர் என்று பார்த்துப் பொறுக்கக் கூடாது. தீபாவளி மாதத்தை மட்டும் வைத்தும் முடிவு கட்டாதீர்கள். சின்ன லிஸ்ட் என்றால் இன்னும் பொறுமை வேண்டும்.

மெயில் போனவர்கள் மாதம் தலைக்கு 30 ரூபாய்க்கு வாங்கினார்கள். போகாதவர்களும் 22 ரூபாய்க்கு வாங்கினார்கள்! (எண்களைத் தோராயமாக முழு ரூபாயாக்கியிருக்கிறேன். திரும்பிய பார்சலும் வரியும் கழித்த கணக்கு.) ஆக மெயில் கொண்டுவந்தது 8 ரூபாய். அதில் சரக்கு, கூரியர் எல்லாம் போக நம் கையில் நிற்பது 35%, அதாவது 2.80. மெயில் அனுப்பும் செலவு 30 காசு போனால் 2.50. 25 மாதத்துக்கு 62.50 ரூபாய். விலகிப் போகிறவர்களையும் கணக்கில் வைத்தால் முதல் ஆண்டில் கைக்கு வருவது சுமார் 24 ரூபாய்தான். அதற்கு 60 கொடுத்தால் சின்னக் கடை தாங்குமா?

இதுவும் எல்லோரையும் சேர்த்த சராசரி. பணம் கட்டும்போது தானே விரும்பி டிக் செய்து சேர்ந்தவரும் கூப்பனுக்காக ஏதோ ஒரு முகவரியைத் தட்டியவரும் ஒன்றல்ல. எங்கே சேர்ந்தார் என்று லிஸ்டில் ஒரு நெடுவரிசை வைத்துத் தனித்தனியாகப் பாருங்கள். கூப்பன் கூட்டம் ஸ்பேம் என்று அழுத்தினால் மற்றவர்களுக்குப் போகும் மெயிலும் ஸ்பேமில் மாட்டிக்கொள்ளும். ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களின் ஸ்பேம் புகார் 0.3%-ஐத் தொடக் கூடாது என்று 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலில் விதியே இருக்கிறது.

இந்தத் தாளை ஏஜென்சியின் முன் வைத்தேன். முகவரிக்கு 12 ரூபாய், அதுவும் உறுதிப்படுத்தும் இணைப்பை அழுத்தியவர்களுக்கு மட்டும் என்று சொன்னேன். ஒத்துக்கொண்டார்கள்.