களத்தில் இல்லாதவருக்கு விழும் வாக்குகள்

அமெரிக்க அதிபர் தேர்தல் கருத்துக்கணிப்புகளைக் காவிரிப் படுகையில் இருந்துகொண்டு இவ்வளவு அக்கறையாகப் படிக்க வேண்டுமா என்று கேட்பவர்கள், 2024-ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பக்கம் வந்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீக ஊரான துளசேந்திரபுரம் இங்கேதான் இருக்கிறது. அவ்வூர் தர்மசாஸ்தா கோயிலில் அவருடைய வெற்றிக்காகச் சிறப்பு வழிபாடு நடந்தது. சுற்றுவட்டாரத்துத் தேநீர்க் கடைகளில் பென்சில்வேனியாவில் யார் முன்னிலை என்ற பேச்சு நெல் கொள்முதல் பேச்சுக்கு இணையாக நடந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 விழுக்காடாக உயர்ந்தபோது, வேதாரண்யம் பகுதி இறால் வளர்ப்போருக்கும் வெள்ளை மாளிகையில் யார் அமர்கிறார் என்பது சொந்தக் கவலையாயிற்று. ஆகவே இந்த எண்களை நாம் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அவற்றுள் ஒருவகை எண்ணை நம்மவர்கள் படிக்கும் விதம் எனக்கு நெடுநாளாக வருத்தம் தருகிறது. இன்னும் வேட்பாளர் ஆகாத, சில வேளைகளில் ஆகப்போவதே இல்லை என்று சொல்லிவிட்ட ஒருவரை இன்னொருவருக்கு எதிரே நிறுத்தி, “இன்று தேர்தல் நடந்தால் யாருக்கு வாக்களிப்பீர்கள்?” என்று கேட்கும் கற்பனைப் போட்டிக் கணிப்பையே சொல்கிறேன்.

2024 ஜூன் 27 அன்று டிரம்புடன் நடந்த விவாதத்தில் அன்றைய அதிபர் ஜோ பைடன் தடுமாறினார். ஜூலை 2 அன்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனமும் இப்சாஸ் என்ற கணிப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்திய கணிப்பு வெளியானது. அதில் பைடனுக்கும் டிரம்புக்கும் தலா 40 விழுக்காடு. பைடனுக்குப் பதிலாகக் கமலா நின்றால் அவருக்கு 42, டிரம்புக்கு 43. முன்னாள் அதிபர் ஒபாமாவின் மனைவி மிஷெல் ஒபாமா நின்றால் அவருக்கு 50, டிரம்புக்கு 39. ஒரே கணிப்பில், ஒரே மக்களிடமிருந்து வந்த விடைகள் இவை. மிஷெல் ஒபாமா எந்தத் தேர்தலிலும் போட்டியிட்டவர் அல்லர்; போட்டியிடும் எண்ணமில்லை என்று பலமுறை வெளிப்படையாகச் சொன்னவர். அப்படிப்பட்டவருக்கு 11 புள்ளி முன்னிலை எங்கிருந்து வந்தது? விலைவாசி, எல்லைப் பாதுகாப்பு, காசா என எதைப் பற்றியும் அவர் வேட்பாளராக வாய் திறக்க நேரவில்லை. எதிர்த்தரப்பு அவருக்கு எதிராக ஒரு விளம்பரம்கூட வெளியிடவில்லை. விடை சொன்ன ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த அதிபரை அந்தப் பெயருக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ள இடமிருந்தது. அந்த 50 விழுக்காடு ஒரு பெண்மணியின் மீது மக்கள் வைத்திருந்த அன்பையும், அன்று களத்தில் இருந்த இருவர் மீதும் அவர்களுக்கிருந்த அலுப்பையும் காட்டியது. அது வாக்கு எண்ணிக்கையைக் காட்டியது என்று கொள்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

கமலாவின் எண்ணைச் சுட்டி, கணிப்பு பலித்துவிட்டதே என்று சிலர் சொல்வார்கள். நவம்பரில் டிரம்ப் 49.8 விழுக்காடும் கமலா 48.3 விழுக்காடும் பெற்றார்கள். இடைவெளி ஏறத்தாழ ஜூலையில் சொன்னதுதான். ஆனால் 42-ஐயும் 43-ஐயும் கூட்டினால் 85 தான் வருகிறது. மீதி 15 விழுக்காட்டினர் என்ன செய்வார்கள் என்று அந்தக் கணிப்பு சொல்லவில்லை. ஜூலை 21 அன்று பைடன் விலகிய பிறகு நாடளாவிய கணிப்புகளின் சராசரியில் கமலா முன்னேறியதும், பிறகு அந்த முன்னிலை தேய்ந்ததும் அதற்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு எண்கள் அருகருகே வந்து விழுந்ததை முன்னறிவு என்று நான் ஏற்க மாட்டேன்.

இவ்வகைக் கணிப்பின் பெரிய குறை, அது பெரும்பாலும் சோதனைக்கே வராமல் போய்விடுவதுதான். மிஷெல் ஒபாமா நிற்கவில்லை. எனவே அந்த 11 புள்ளி சரியா தவறா என்பதை இனி எவரும் மெய்ப்பிக்க முடியாது. 1995-இல், ஓய்வுபெற்ற படைத்தளபதி காலின் பவல் நின்றால் அன்றைய அதிபர் கிளின்டனைத் தோற்கடிப்பார் என்று கணிப்புகள் கூறின. அவ்வாண்டு நவம்பரில் அவர் போட்டியிடவில்லை என்று அறிவித்துவிட்டார். 2016-இல், ஜனநாயகக் கட்சி வேட்பாளராவதற்கு மோதிய இருவரில் ஹிலாரியைவிடப் பெர்னி சாண்டர்ஸ் டிரம்பை அதிக வித்தியாசத்தில் வெல்வார் என்று வந்த எண்களை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். சாண்டர்ஸ் உண்மையில் வென்றிருக்கலாம். ஆனால் குடியரசுக் கட்சியின் தேர்தல் இயந்திரம் அவர் பக்கம் திரும்பாத காலத்து எண் அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சோதனைக்கு வந்தவற்றின் வரலாறு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 1983-இன் தொடக்கத்தில் அன்றைய அதிபர் ரீகனின் செயல்பாட்டை ஏற்றவர்கள் காலப் நிறுவனத்தின் கணிப்பில் 35 விழுக்காடு மட்டுமே. முன்னாள் துணை அதிபர் வால்டர் மாண்டேலும், விண்வெளி வீரராக இருந்து செனட்டரான ஜான் கிளென்னும் அவரை முந்துவதாக அப்போது கணிப்புகள் வந்தன. 1984-இல் ரீகன் 50 மாநிலங்களில் 49-ஐ வென்றார். 1979-இன் இறுதியில், ஈரானில் அமெரிக்கர்கள் பிணையாகப் பிடிக்கப்பட்ட புதிதில், அன்று அதிபராக இருந்த கார்ட்டர் ரீகனைவிட வெகுதூரம் முன்னே இருந்தார். ஓராண்டு கழித்து 44 மாநிலங்களை இழந்தார். 1991-இல் வளைகுடாப் போர் முடிந்ததும் தந்தை புஷ்ஷுக்கு 89 விழுக்காடு ஆதரவு. மறுஆண்டுத் தேர்தலில் அவர் பெற்ற வாக்கு 37.4 விழுக்காடு. 2007 முழுவதும் ஹிலாரி கிளின்டனும் நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானியும் மோதினால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஜூலியானி தம் கட்சியின் முதல்கட்டத் தேர்தல்களில் ஒரு மாநிலத்தையும் வெல்லாமல் விலகினார். இறுதியில் ஒபாமாவும் மெக்கெய்னும்தான் மோதினார்கள். ராபர்ட் எரிக்சன், கிறிஸ்டோபர் லெசியன் என்ற இரு அரசியல் அறிஞர்கள் 1952 முதலான அதிபர் தேர்தல் கணிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். தேர்தல் ஆண்டின் தொடக்கத்தில் எடுத்த எண்களுக்கும் இறுதி முடிவுக்கும் பெரிய தொடர்பில்லை என்பதும், வேட்பாளரை முறைப்படி அறிவிக்கும் கட்சி மாநாடுகள் முடியும்போதுதான் அவை நம்பத்தக்கவையாக உறுதிப்படுகின்றன என்பதும் அவர்கள் கண்ட முடிவு.

நம் பகுதி உழவர்களுக்கு மாதிரி எடுப்பது புதிய செய்தி அன்று. பயிர்க் காப்பீட்டுக்காகப் புள்ளியியல் துறையினர் வந்து, குலுக்கல் முறையில் வயலைத் தேர்ந்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் அளந்து, அதில் விளைந்ததை அறுத்து அடித்து எடை போடுகிறார்கள். அந்தப் பயிர் அறுவடைப் பரிசோதனையில் தேர்ந்த வயல் ஊரின் நிலைக்குப் பொருந்தவில்லை என்று நாம் சண்டையிடுகிறோமே தவிர, அந்த முறையையே தள்ளிவிடுவதில்லை. காரணம், அங்கே கதிர் முற்றி நிற்கிறது. எடை போடுவதற்கு நெல் இருக்கிறது. மேட்டூர் அணை திறக்குமா என்பதே தெரியாத மே மாதத்தில், நாற்று விடாத சம்பா வயலில் அதே சதுரத்தை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் மகசூல் கிடைக்காது. கற்பனைப் போட்டியில் நடப்பது அதுதான். மாதிரி நன்றாக இருக்கலாம், கணக்கு சரியாக இருக்கலாம். அளக்கப்படும் முடிவு இன்னும் மக்கள் மனத்தில் உருவாகவில்லை.

இவ்வளவையும் சொல்லும்போது, கருத்துக்கணிப்பு என்ற கலையையே நான் பழிக்கவில்லை. 1936-இல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அஞ்சல் அனுப்பி, இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் அன்றைய 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேரை மட்டும் கேட்ட ஜார்ஜ் காலப் ரூஸ்வெல்ட்டின் வெற்றியைச் சரியாகச் சொன்னார். எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட யாரைக் கேட்டோம் என்பது முக்கியம் என்ற பாடம் அங்கே பிறந்தது. இன்று அந்த ‘யாரை’ என்பதே கடினமாகிவிட்டது. பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளுக்கு 1997-இல் 36 விழுக்காட்டினர் விடை தந்தார்கள். 2018-இல் 6 விழுக்காட்டினர்தான். பிழை வரம்பும் உண்டு. ஆயிரம் பேரிடம் கேட்டால் ஒருவருடைய எண்ணில் ஏறத்தாழ மூன்று புள்ளி மேலும் கீழும் போகலாம். இருவருக்கிடையிலான வித்தியாசத்திலோ அது ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அப்படியிருக்க, 42-க்கும் 43-க்கும் இடையிலான ஒரு புள்ளியை நம் நாளிதழ்கள் ‘பின்னடைவு’ என்று தலைப்பிட்டு அச்சிடுவது வாசகருக்குச் செய்யும் அநீதி.

கேள்வியின் சொற்களும் விடையை மாற்றுகின்றன. 2011 ஜூலையில் காலப் நிறுவனம், ஒபாமாவுக்கா, பெயர் சொல்லாத ஒரு குடியரசுக் கட்சி வேட்பாளருக்கா உங்கள் வாக்கு என்று கேட்டபோது, பெயரற்றவருக்கு 47 விழுக்காடும் ஒபாமாவுக்கு 39 விழுக்காடும் கிடைத்தன. அதே கட்சியிலிருந்து ஒரு பெயரைச் சொல்லிக் கேட்ட போட்டிகளில் ஒபாமா பெரும்பாலும் சமமாகவோ முன்னிலையிலோ இருந்தார். 2012-இல் மிட் ராம்னியை அவர் 51.1-க்கு 47.2 என வென்றார். மேலும் இந்தக் கற்பனைப் போட்டிகள் பெரும்பாலும் நாடு முழுவதற்கும் ஒரே எண்ணைத் தருகின்றன. அமெரிக்காவில் அதிபரைத் தீர்மானிப்பவை மாநிலவாரியாகப் பகிரப்பட்ட 538 தேர்வாளர் வாக்குகள். 2016-இல் ஹிலாரி 48.2 விழுக்காடு பெற்றும் 46.1 பெற்ற டிரம்ப்தான் அதிபரானார்.

இவை வெறும் பொழுதுபோக்கு எண்களாக இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நன்கொடை தருவோர் இவற்றைப் பார்த்துப் பணம் தருகிறார்கள். யாரை நிறுத்தலாம் என்று கட்சியினர் இவற்றை வைத்து வாதிடுகிறார்கள். 2024 ஜூலையில் பைடனுக்குப் பதில் யார் என்ற விவாதத்தில் இத்தகைய அட்டவணைகள் நாள்தோறும் மேசைக்கு வந்தன. பெயர் பரவிய ஒருவர் அந்தப் பரவலின் பலத்தாலேயே வெல்லக்கூடியவர் எனப்படுகிறார். திறமை இருந்தும் பெயர் பரவாதவர் தொடக்கத்திலேயே ஓரங்கட்டப்படுகிறார். நம் நாட்டிலும் ‘முதல்வராக யார் வர வேண்டும்’ என்று தேர்தலுக்கு ஈராண்டு முன்பே கேட்டு அட்டவணை போடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஏ பிரிவு வாக்குப்பதிவு முடியும்வரை வாக்களித்துவிட்டு வெளியே வருவோரிடம் கேட்டு எடுக்கும் கணிப்பை வெளியிடுவதைத் தடுக்கிறது; ஈராண்டு முன்பு வரும் அட்டவணையை அது தொடுவதில்லை. தடை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்ட கேள்வி அப்படியே என்ன, எந்த நாள்களில், எத்தனை பேரிடம், எத்தனை பேர் முடிவு சொல்லவில்லை, பெயர் சொல்லப்பட்டவர் போட்டியிடுவதாக அறிவித்தவரா என்ற விவரங்களைச் செய்தியின் அடியில் சிறிய எழுத்திலாவது தமிழ் இதழ்கள் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். 2025-இல் டிரம்பையும் பராக் ஒபாமாவையும் மோதவிட்டு ஒரு கணிப்பு வெளியானது. அமெரிக்க அரசியலமைப்பின் 22-ஆவது திருத்தப்படி இருவருமே மூன்றாம் முறை தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்ற ஒரு வரியைச் சேர்த்திருந்தால் வாசகர் அதன் மதிப்பைத் தாமே எடைபோட்டிருப்பார்.

2028 தேர்தலுக்கான கற்பனைப் போட்டிகள் ஏற்கெனவே வரத் தொடங்கிவிட்டன. அவற்றில் வெற்றியாளர் பத்தியை நான் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் பார்ப்பது, “இவரைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை” என்றும் “இன்னும் முடிவு செய்யவில்லை” என்றும் சொன்னவர்களின் பங்கை. 1975-இல் ஜார்ஜியாவின் முன்னாள் ஆளுநர் ஜிம்மி கார்ட்டரையும், 1991-இல் ஆர்கன்சாஸ் ஆளுநர் பில் கிளின்டனையும் நாடளவில் அறிந்தவர்கள் குறைவு. இருவரும் மறுஆண்டே அதிபர் தேர்தலில் வென்றார்கள்.