இனிப்பைக் குறைத்த பார்பிக்யூ சாஸ்

சுடும் இறைச்சியில் பூசுகிற பார்பிக்யூ சாஸைக் கடையில் வாங்கி, பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், பலவற்றில் சேர்மானப் பட்டியலின் முதல் இடத்தில் சர்க்கரையோ சோளச் சர்க்கரைப் பாகோதான் இருக்கும். வீட்டிலேயே செய்துகொள்வது மேல் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இந்த இனிப்புதான்.

அமெரிக்காவில் இந்த சாஸ் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் தக்காளியே சேர்க்காமல், வினிகரில் மிளகாயும் உப்பும் கலந்து நீர்க்க வைத்துக்கொள்வார்கள். தென் கரோலினாவில் கடுகு சாஸ், அலபாமாவின் வடக்கே மயோனைஸில் செய்யும் வெள்ளை சாஸ். பாட்டிலில் ஏறி உலகமெங்கும் போய்ச் சேர்ந்ததோ, தக்காளியும் மொலாசஸும் (கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கருநிறப் பாகு) சேர்ந்த கெட்டியான கேன்சஸ் சிட்டி வகை. அந்நகரின் பார்பிக்யூ தொழிலுக்கு முன்னோடியாகக் கருதப்படும் ஹென்றி பெர்ரி, 1900களின் தொடக்கத்தில் விற்ற சாஸ் நல்ல காரமாக இருந்தது என்பார்கள். இனிப்பு பிற்பாடு ஏறியதுதான். ஆகவே நானும் கேன்சஸ் சிட்டி முறையில் தொடங்கி, இனிப்பை மட்டும் ஒரு படி இறக்கிக்கொள்கிறேன்.

அடி கனமான பாத்திரத்தில் 2 மேசைக்கரண்டி வெண்ணெயை உருக்கி, துருவிய நடுத்தர வெங்காயம் ஒன்றைப் பச்சை வாடை போகும் வரை சிறுதீயில் வதக்க வேண்டும். அதில் நசுக்கிய பூண்டு 3 பல், புகையூட்டிய பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்ப் பொடி) 2 தேக்கரண்டி, கடுகுப்பொடியும் மிளகுத்தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி சேர்த்து, அரை நிமிடத்துக்குமேல் விடாமல் அடுத்த பொருள்களை ஊற்றிவிட வேண்டும், ஏனெனில் பாப்ரிகா கருகினால் சாஸ் முழுவதும் கசந்துவிடும். பிறகு கெட்சப் 2 கப், ஆப்பிள் சிடர் வினிகர் அரை கப், மொலாசஸ் கால் கப், பழுப்புச் சர்க்கரை 2 மேசைக்கரண்டி, வூஸ்டர் சாஸ் 1 மேசைக்கரண்டி. மொலாசஸ் கிடைக்காத ஊரில் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிக் காய்ச்சிய பாகு கைகொடுக்கும். மணம் வேறுதான், ஆனால் அந்தக் கருநிறமும் லேசான கசப்பும் வந்துவிடும். வூஸ்டர் சாஸில் வழக்கமாக நெத்திலி மீன் இருக்கும் என்பதால், சைவம் சாப்பிடுபவர்கள் அதற்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசல் விடலாம். அந்தச் சாஸிலேயே புளியும் ஒரு சேர்மானம் என்பதால் இது பொருந்தாத மாற்று அன்று.

கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடியைச் சற்றுத் திறந்தவாறு வைத்து, 20 முதல் 25 நிமிடம் விட வேண்டும். கெட்டியான கலவை என்பதால் குமிழி வெடிக்கும்போதெல்லாம் சுவர் வரை தெறிக்கும். முதல் சில நிமிடங்கள் வினிகரின் நெடி கண்ணைக் கரிக்கும்; அந்த நேரத்தில் ருசி பார்த்துச் சர்க்கரையை அள்ளிப் போட வேண்டாம், கொதிக்கக் கொதிக்க நெடி அடங்கிவிடும். கெட்சப்பிலேயே உப்பு இருப்பதால் உப்பையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கரண்டியின் பின்புறத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தால் அது மூடாமல் நிற்க வேண்டும், அதற்குமேல் வற்றவிட்டால் ஆறியபின் களிபோல் இறுகிவிடும். புகை மணத்துக்காகத் திரவப் புகை என்று விற்பதைச் சிலர் தாராளமாக ஊற்றுகிறார்கள்; எனக்கு அது கரிப்பிடித்த பாத்திரத்தைத்தான் நினைவூட்டுகிறது.

ஒரு நாள் குளிர்பெட்டியில் இருந்தபின் புளிப்பும் காரமும் ஒன்றோடொன்று இணங்கி வரும். கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு வாரம் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். கோழியோ பன்றி விலா எலும்போ சுடும்போது, இதைக் கடைசி 10 நிமிடத்தில்தான் பூச வேண்டும்; முன்பே பூசினால் இறைச்சி வேகுமுன் சர்க்கரை கருகிவிடும். பூசுவதற்கு வேண்டியதைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, இறைச்சியைத் தொட்ட தூரிகை பட்ட மிச்சத்தைப் பாட்டிலில் திருப்பி ஊற்றாமல் கொட்டிவிடுவது நல்லது.