31 ஊசிகள்

போன மாதம் என் தையல் மெசின் திருத்தும் பட்டறையில் 31 ஊசி உடைந்தது. அதில் இரண்டு நான் உடைத்தவை. மற்ற 29உம் பின்னேரங்களில் வந்து பழகும் மூன்று பிள்ளைகள் உடைத்தவை. எல்லாவற்றையும் ஒரு சி.ஆர். கொப்பியில் செலோடேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் திகதியும் உடைந்த காரணமும் எழுதி வைத்திருக்கிறோம்.

கார்மென்டில் வேலை செய்தவர்களுக்கு இந்தப் பழக்கம் தெரியும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடிப் பொறுக்கி, பதிவேட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு சின்னத் துண்டு குழந்தைச் சட்டைக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்ற பயம் அது. நான் பதினொரு வருடம் அப்படி ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். முதல் நான்கு வருடம் ஓபரேட்டர், பிறகு மெசின் மெக்கானிக். மெக்கானிக் ஆனதற்கு ஒரே காரணம், எங்கள் லைனுக்கு மெசின் திருத்த வந்த சிங்கள அண்ணன் ஒருவர். பாஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், கைத்தொழில் தெரிந்தவரைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் போய் நின்று பார்ப்பேன். ஒரு நாள், "பாத்தா காணாது நங்கி, கைய வை" என்று அரைத் தமிழில் (நங்கி என்றால் தங்கச்சி) சொல்லி ஸ்க்ரூ டிரைவரை என் கையில் தந்தார். அன்றைக்கு நான் உடைத்த ஊசியைத் தன் பெயரில் எழுதினார். அதற்குப் பிறகும் எத்தனையோ ஊசிகளை அப்படித் தன் பெயரில் எழுதியிருக்கிறார்.

இன்று கொழும்பு, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் பட்டறை. முகத்துவாரம், கிராண்ட்பாஸ் பக்கத்தில் வீட்டில் இருந்து தைக்கும் அக்காமார்தான் எனக்கு வேலை தருகிறவர்கள். பின்னேரம் வரும் மூவரில் ஒருவன் என் அக்காவின் மகன். மற்ற இருவரும் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள்.

அந்த இருவரில் ஒருத்திக்குப் பத்தொன்பது வயது. ஓ/எல் (சாதாரண தர) பரீட்சையில் கணிதம் சரிவரவில்லை என்று வீட்டோடு இருந்தவள். போன வியாழக்கிழமை, தையல் விட்டுவிட்டு விழுகிற ஒரு மெசினை அவளிடம் கொடுத்தேன். ஹூக் டைமிங் பிழை, அதாவது அடியில் சுற்றி நூலைப் பிடிக்கும் ஹூக் ஊசியோடு நேரத்துக்குச் சேரவில்லை. ஊசி அடிமட்டத்துக்குப் போய், திரும்ப இரண்டு மில்லிமீற்றர் அளவு எழும்பும் இடத்தில் ஹூக்கின் முனை ஊசியின் நடுவுக்கு வந்து நிற்க வேண்டும். இரண்டும் முட்டவும் கூடாது, விலகவும் கூடாது. நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி 0.04இலிருந்து 0.1 மில்லிமீற்றர் வரைதான். ஒரு ஏ4 தாளின் கனமே கிட்டத்தட்ட 0.1. அவள் தாளில் ஒரு கீலம் வெட்டி இடையில் விட்டுப் பார்த்தாள். தாராளமாகப் போனது. ஹூக்கை ஒரு மயிரிழை தள்ளி ஸ்க்ரூவை இறுக்கினாள். இறுக்கும்போதே ஹூக் அரக்கி விட்டது. திரும்பக் கழற்றினாள். ஏழு தரம். நான் கையைக் கொடுக்கவில்லை, கொடுக்காமல் இருப்பதுதான் கஷ்டம். எட்டாம் தரம் டெனிம் துணியை நாலாக மடித்து ஓட்டினாள். ஒரு தையல்கூடத் தப்பவில்லை. துணியைத் திருப்பி, அடித்தையலை நகத்தால் தடவிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கணிதம் வராத பிள்ளை என்று எழுதித் தள்ளிய பிள்ளை அவள்.

ஆனால் என் முன்னறைக்கு ஒரு எல்லை இருக்கிறது. ஊசித் தண்டு ஓடும் உலோகக் குழாய், புஷ் என்போம், தேய்ந்தால் புதிதாகக் கடைய என்னிடம் லேத் (கடைசல் மெசின்) இல்லை. பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குத்தான் கொண்டு போவேன். ஒரு முறை அக்காவின் மகனும் வந்தான். அவன் ஏ/எல்லில் (உயர்தரத்தில்) தொழில்நுட்பப் பிரிவு. 2013இல் அந்தப் பிரிவு தொடங்கியபோது, கையால் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் ஒரு வழி பிறந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன், இப்போதும் அது நல்ல விசயம் என்றுதான் நினைக்கிறேன். அவன் கொப்பியில் லேத்தின் படம் இருக்கிறது. ஹெட்ஸ்டொக், டெயில்ஸ்டொக், சக் என்று அம்புக்குறி போட்டு அழகாகப் பெயர் எழுதியிருக்கிறான். ஆனால் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அந்த ‘சக்’ஐ ஒரு தரமும் தன் கையால் இறுக்கியதில்லை. அன்று பட்டறை வாசலில் நாற்பது நிமிடம் நின்று பார்த்தான். உள்ளே வரலாமா என்று கேட்டதற்கு முதலாளி முடியாது என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விரல் போனால் யார் பொறுப்பு? ஒரு மணித்தியாலம் மெசினை ஒரு பழகுநருக்கு விட்டால் அவருக்கு அந்த மணித்தியாலக் கூலி போகிறது. தனியார் பட்டறையில் வேலைதான் நடக்கும். பழகுவதற்கு வேறு இடம் வேண்டும், அந்த இடத்தின் செலவைப் பொதுக்காசுதான் தாங்க வேண்டும்.

அப்படிப்பட்ட இடத்தை வெளிநாட்டில் மேக்கர்ஸ்பேஸ் என்கிறார்கள், ஃபேப் லேப் என்றும் சொல்வதுண்டு. நான் பொதுப் பட்டறை என்றே சொல்கிறேன், பொது நூலகம் மாதிரி. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நீல் கெர்ஷன்ஃபெல்ட் என்ற பேராசிரியர் தொடங்கி வைத்த ஃபேப் லேப் யோசனை, 2002லேயே மகாராஷ்டிராவில் பாபல் என்ற கிராமத்துக்கு வந்துவிட்டது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 2018 டிசம்பரில் திறந்த ஊடி நூலகத்தில் புத்தகங்கள் இருக்கும் அதே கட்டடத்தில் 3டி பிரின்டரும் தையல் மெசினும் பொதுமக்களின் பாவனைக்கு வைத்திருக்கிறார்கள். அதைப் படித்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி: அந்தத் தையல் மெசின்களை யார் திருத்துகிறார்கள்? அந்த ஆளுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

தொழில் புத்தியில் வந்த கேள்விதான், ஆனால் விசயம் முழுவதும் அதில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் மனையியல் அறைத் தையல் மெசின்களைத் திருத்தக் கூப்பிட்டிருந்தார்கள். பக்கத்து அறையில், கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு 3டி பிரின்டர். நன்கொடையாக வந்தது. மேலே பொலித்தீன் உறை, அதற்கு மேல் தூசி. நூல் மாதிரிச் சுற்றியிருக்கும் அந்த பிளாஸ்டிக் உருளையை எடுத்துத் தரச் சொல்லி வளைத்துப் பார்த்தேன். படக்கென்று ஒடிந்தது. நம் கொழும்பு ஈரப்பதத்தில் திறந்து வைத்தால் அது அப்படித்தான் ஆகும். பழக்கியிருந்த ஆசிரியர் இடமாற்றமாகிப் போய்விட்டார். வேறு யாரும் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். "வருசம் வருசம் இருப்பெடுக்க வருவாங்க. பழுதானா தொட்டவங்கதான் பதில் சொல்லணும்" என்றார் அங்கிருந்த டீச்சர். மெசின் புதிது போல் அலுமாரியில் இருந்தால் கணக்கு சரி. ஐம்பது பிள்ளைகள் பழகி, ஒரு மோட்டார் எரிந்திருந்தால் கணக்கு பிழை. இந்தக் கணக்கை மாற்றாமல் எத்தனை மெசின் வாங்கினாலும் அவை அலுமாரிக்குள்தான் போகும்.

இந்தியாவில் 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விசயம் இருக்கிறது. ஒரு பள்ளிக்கு 20 இலட்சம் இந்திய ரூபா என்று வைத்தார்கள். அதில் பாதிதான் இடத்தை அமைப்பதற்கு. மற்றப் பாதி, 10 இலட்சம், ஐந்து வருடம் வரை அதை நடத்துவதற்கு. ஒவ்வொரு பள்ளியிலும் அது எப்படி நடந்தது என்பது வேறு கதை. ஆனால் நடத்தும் செலவைப் பற்றி முதல் நாளே காகிதத்தில் எழுதியவர்களை நான் மதிக்கிறேன். நாடா வெட்டும் நாளுக்கு எப்படியும் காசு வந்துவிடும். மூன்றாம் வருடத்து ஊசிக்கும், ட்ரில் பிட்டுக்கும், ஈயத்துக்கும், கரண்ட் பில்லுக்கும் காசு வேண்டும். அதைவிட முக்கியமாக, பின்னேரம் ஐந்திலிருந்து ஒன்பது வரை அந்தக் கதவைத் திறந்து வைத்து, பிள்ளையின் பக்கத்தில் நிற்கும் பாஸுக்குச் சம்பளம் வேண்டும். நல்ல பாஸ்மார் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கிற ரிட்டயர்ட் ஃபிட்டர்மாரை எனக்கே தெரியும்.

இது ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் 2022ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவில் இருந்த டொலர் மே மாதம் 350ஐத் தாண்டியது. தையல் மெசின் கொன்ட்ரோல் போர்ட் கடைகளில் இல்லை, இருந்தாலும் தொட முடியாத விலை. அந்த மாதங்களில் உப்பிப்போன கப்பாசிட்டரைக் கழற்றி, பழைய போர்டிலிருந்து எடுத்த நல்லதை வைத்து ஈயம் போடத் தெரிந்தவர்கள்தான் எத்தனையோ வீடுகளின் அடுப்பு எரிய உதவினார்கள். அப்படி ஒருவரை நான் வத்தளையில் தேடிப்பிடித்தேன். அவர் தெருவில் பார்த்துப் பழகியவர். அவரிடம் ஒரு சான்றிதழும் இல்லை.

சான்றிதழுக்கும் வழி இருக்கிறது. என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமையை வகுப்பில் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும் என்றில்லை. ஏற்கெனவே செய்துவரும் வேலைக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டியும் எடுக்கலாம். நான் எடுத்தது அப்படித்தான். பொதுப் பட்டறையில் ஒரு பிள்ளை செய்த ஒவ்வொரு வேலையும் பாஸின் கையெழுத்தோடு ஒரு புத்தகத்தில் ஏறினால், அதுவே மதிப்பீட்டுக்குக் கொண்டு போகும் ஆதாரமாகும். எங்கள் ஊசிக் கொப்பியைக்கூட நான் அந்த எண்ணத்தில்தான் வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் வீட்டுக்கான முழு வருடச் சோலைவரியையும் ஒன்றாகக் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு என்று நகர மண்டபத்துக்குப் போயிருந்தேன். வரிசையில் நிற்கும்போது முடிவெடுத்தேன், எங்கள் வட்டார மாநகர சபை உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுவது என்று. எழுதிவிட்டேன். புதிய கட்டடம் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் மட்டும் திறக்கும் பொது மண்டபத்தின் பின்னறை போதும். ஒரு பழைய லேத், ஒரு பெஞ்ச் ட்ரில், நாலு சோல்டரிங் அயன், மூன்று தையல் மெசின். தமிழும் சிங்களமும் கதைக்கக்கூடிய ஒரு பாஸ், மாதச் சம்பளத்தில். பெண் பிள்ளைகள் வீடு திரும்ப வசதியாக வாரத்தில் இரண்டு நாள் ஏழு மணியோடு முடியும் வகுப்பு. உடையும் சாமானுக்கென்று தனியாக ஒரு தொகை, உடைந்ததற்கு யாரிடமும் கேள்வி கேட்கக் கூடாது என்ற எழுத்தோடு. உடைந்ததை ஒட்டிக் காட்டினால் போதும்.

கடிதத்தை அடுத்த திங்கட்கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, புளூமெண்டால் பக்கம் இருப்பவர்கள் கையெழுத்து வைக்க விரும்பினால் ஞாயிறு வரை பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வாருங்கள். அந்த நேரம் மெசின் ஓடிக்கொண்டிருக்கும், கதவைப் பலமாகத் தட்டுங்கள். கொப்பியையும் காட்டுகிறேன். இன்று காலை வரை இந்த மாதம் ஒன்பது ஊசி.