பள்ளிப் பத்திரிகையில் எழுதிப் பழகுவது எப்படி? கோபிப் பக்கத்திலிருந்து ஓர் அனுபவம்

நீட் எழுதியவர்கள், ஜே.இ.இ. எழுதியவர்கள், குரூப் 4 எழுதியவர்கள் எல்லாம் தாங்கள் படித்த விதத்தைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பள்ளியில் படிக்கும்போதே நிருபர் ஆக ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு அப்படி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கி பிளஸ் டூ வரை கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் இதழுக்கு எழுதினேன், கடைசியில் அதை நடத்துகிற பொறுப்பும் என் தலையில் விழுந்தது. இதழ் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓர் ஏ3 தாள், நடுவில் ஒரு மடிப்பு, நாலு பக்கம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் அடித்து வருவோம்.

கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிப் பழகியவர்களுக்குத்தான் இந்த வேலை முதலில் கஷ்டம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கை தானாக ஓடும். தண்ணீரைப் பற்றி எழுதச் சொன்னால் ஒரு குறளில் ஆரம்பித்து, மழைநீர் சேகரிப்பைத் தொட்டு, ‘நாளைய தலைமுறைக்கு’ என்று முடித்துவிடலாம், வீட்டை விட்டு வெளியே வரவே வேண்டாம். அதில் தமிழ் நன்றாகவே இருக்கும், செய்தி மட்டும் இருக்காது. எங்கள் இதழில் நன்றாக எழுத ஆரம்பித்தவர்கள் எல்லோருமே ஒரு கட்டத்தில் நோட்டை எடுத்துக்கொண்டு யாரையோ போய்ப் பார்த்தவர்கள். முதல் தடவை கேட்டது போதாமல் மறுபடியும் அதே ஆளிடம் போனவர்கள் இன்னும் நன்றாக எழுதினார்கள். இந்த இரண்டாவது தடவைதான் என் கணக்கில் பாதி வேலை.

எங்கள் வாய்க்கால் செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நிறையப் பேருக்குத் தோட்டம் கீழ்பவானிப் பாசனத்தில் இருக்கிறது. பவானிசாகரில் புறப்படுகிற அந்த வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடுகிறது, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கர் அதை நம்பி இருக்கிறது. ஒருத்தி வீட்டில் நெல் நட்டிருப்பார்கள், கூப்பிடு தூரத்தில் இன்னொருத்தி வீட்டுக் காடு காய்ந்து கிடக்கும். ஏன் என்று கேட்டால் எங்களில் யாருக்கும் ஒழுங்காகத் தெரியாது. ‘எங்களுக்கு இந்த முறை இல்லை’ என்பதோடு சரி. பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதாலேயே அதை யாரும் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொன்னதில்லை. பள்ளி இதழுக்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது என்று எனக்குப் பட்டது.

விஷயம் இதுதான். எல்லா நிலத்துக்கும் ஒரே சமயத்தில் விட அணையில் தண்ணீர் போதாது, பவானிசாகரின் மொத்தக் கொள்ளளவே 32.8 டி.எம்.சி.தான். அதனால் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு தொகுதிக்கு ஆகஸ்டு வாக்கில் திறந்து நெல்லுக்கு விடுவார்கள், இன்னொரு தொகுதிக்கு ஜனவரிக்கு மேல் கடலை, எள் மாதிரிப் புஞ்சைப் பயிருக்கு. அடுத்த வருஷம் அப்படியே மாறும். இதில் எந்த மதகு எந்தத் தொகுதி என்று மதகைத் திறந்து மூடுகிற வாய்க்கால் லஸ்கரைக் கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார். அதிகாரியைத் தேடி ஈரோடு போவதற்கு முன்னால் லஸ்கரைப் பாருங்கள் என்பேன். ஷட்டரைத் திறக்கிறவருக்குத் தெரிந்தது கோப்பைப் பார்க்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. எங்கள் பக்கம் கொடிவேரியில் பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும் உண்டு, அந்தப் பாசனக்காரர்களுக்கு இந்த முறைவைத்துக் காத்திருக்கிற கவலை இல்லை. கீழ்பவானிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் தடப்பள்ளிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடக்கிற பேச்சே தனிக் கதை, அதை அப்படியே எழுதச் சொல்லி ஒருவனை விட்டோம், அதுதான் அந்த இதழில் எல்லோரும் விரும்பிப் படித்தது.

எண்களைப் பற்றி ஒன்று. டி.எம்.சி. என்று எழுதிவிட்டுப் போனால் படிப்பவருக்கு ஒன்றும் ஆகாது. நூறு கோடி கன அடி என்று விரித்து எழுதினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ‘அணை 105 அடி, இன்றைக்கு 80 அடி இருக்கிறது, நம் முறைக்குத் திறப்பார்களா மாட்டார்களா’ என்று எழுதினால் எட்டாம் வகுப்புப் பையனும் நிமிர்ந்து பார்ப்பான். மஞ்சள் விலையும் அப்படித்தான். தினசரியில் விரலி இவ்வளவு, கிழங்கு இவ்வளவு என்று குவிண்டால் கணக்கில் போடுவார்கள். வேகவைத்துக் காயவைத்து மெருகு போட்டு மண்டிக்குக் கொண்டுபோகிற வரைக்கும் என்ன செலவு ஆகிறது என்பதை வீட்டில் கேட்டுப் பக்கத்திலேயே போடுங்கள். ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு 2019இல் கிடைத்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்குப் பிறகு உங்கள் தாத்தாவுக்குக் கிடைத்த விலையில் ஏதாவது மாறியதா என்பதை நீங்கள்தான் எழுத முடியும்.

கேள்வி கேட்கிற விதத்துக்கு வருகிறேன். நம் ஊர்க்காரர்களிடம் போனை நீட்டி ‘உங்கள் கருத்து என்ன’ என்றால் ஒரு வார்த்தை வராது, வந்தாலும் மேடைப் பேச்சாக வரும். ‘எவ்வளவு லாபங்க?’ என்று கேட்டால் பேச்சே முடிந்துவிடும். ‘போன வெள்ளாமைக்கு ஆள் கூலி எவ்வளவு ஆச்சுங்க, உழவு எவ்வளவு ஆச்சுங்க’ என்று கேளுங்கள், விரலை மடக்கி மடக்கி அவரே கணக்குச் சொல்வார், லாபமோ நஷ்டமோ தானாக வந்துவிடும். முதலில் கொஞ்ச நேரம் நோட்டை எடுக்கவே எடுக்காதீர்கள். ‘ஏனம்மிணி, பரீச்சைக்குப் படிக்காம இங்க என்ன பண்ற?’ என்று என்னைக் கேட்காத பெரியவர் கிடையாது. சிரித்துக்கொண்டே பதில் சொன்னால் மோர் கொடுத்து உட்கார வைத்துப் பேசுவார்கள். கிளம்பும்போது ‘மறுபடி வர்றனுங்க, ஏதாச்சும் விட்டுப்போச்சுன்னா’ என்று சொல்லி வைத்துவிட்டு வாருங்கள். உண்மையில் ஏதாவது விட்டுப்போயிருக்கும்.

அவர்கள் சொன்னதைப் புத்தகத் தமிழுக்கு மாற்றுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. தமிழாசிரியர் மாற்றச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தகவலை நம் நடையில் எழுதிவிடலாம், ஆனால் ஒரு மனிதர் கோபமாகவோ நக்கலாகவோ சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை அவர் வாயில் வந்தபடி மேற்கோளில் வைக்க வேண்டும். பத்தி முழுக்க வட்டார வழக்கை அள்ளிக் கொட்டினால் ஆளைக் கேலி செய்கிற மாதிரி ஆகிவிடும், அதுவும் வேண்டாம்.

இரண்டு தரப்பு இருக்கிற விஷயம் வரும்போது கவனம். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவது எங்கள் பக்கம் பெரிய தகராறு. போட்டால் கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசியில் இருக்கிற நிலங்களுக்கு, தண்ணீர் ஒழுங்காகப் போகும் என்பார்கள் ஒரு சாரார், கசிவுநீர் நின்றால் கிணறெல்லாம் வற்றிவிடும் என்பார்கள் இன்னொரு சாரார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் செய்தது இது: கடைமடைக்காரர் வீட்டுப் பெண்ணைக் கிணற்றுப் பாசனக்காரரிடமும், கிணற்றுக்காரர் வீட்டுப் பையனைக் கடைமடைக்கும் அனுப்பினோம். இருவரும் திரும்பி வந்து எழுதியதில் வாதம் குறைவாகவும் தகவல் அதிகமாகவும் இருந்தது. அவரவர் சொன்ன மேற்கோளை மட்டும் போனில் வாசித்துக் காட்டினோம், முழுக் கட்டுரையையும் காட்டவில்லை. முழுசாகக் காட்டினால் ஆளாளுக்குத் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

பெயர் போடும் விஷயத்தில் தைரியம் காட்டவே கூடாது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், வீடு, பள்ளி என்று அடையாளம் தெரியும் எதையும் ஊடகம் வெளியிட 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தடை விதிக்கிறது. சட்டம் சொல்லாத இடத்திலும் யோசியுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த ஒடிசாக்காரர் வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பில் படிக்கிறது, அந்தக் கதையை எழுத ஆசையாக இருக்கும். அந்தப் பிள்ளை சரி என்று சொன்னது மட்டும் போதாது, வீட்டில் கேட்க வேண்டும், சனிக்கிழமைச் சம்பளம் எவ்வளவு என்று எழுதினால் அப்பாவுக்குக் கம்பெனியில் தொந்தரவு வருமா என்றும் கேட்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் பெயரை விட்டுவிடுங்கள், ஊர்ப் பெயரையும் சேர்த்து.

தலைமை ஆசிரியர் கையெழுத்து இல்லாமல் எங்கள் இதழ் வெளியே வராது. இது நமக்கு மட்டும் உள்ள கஷ்டம் என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் ஹேசல்வுட் என்ற உயர்நிலைப் பள்ளியில் 1983இல் மாணவர் பத்திரிகையிலிருந்து இரண்டு பக்கங்களை முதல்வர் தூக்கிவிட்டார், மாணவிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், 1988இல் உச்ச நீதிமன்றம் பள்ளிக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அங்கேயே அப்படி என்றால் நாம் கொஞ்சம் சாமர்த்தியமாக இருக்க வேண்டியதுதான். கழிவறையில் தண்ணீர் வராததை ‘நிர்வாகத்தின் அலட்சியம்’ என்று எழுதிக் கொண்டுபோனால் கையெழுத்து விழாது. எந்த மோட்டார், எத்தனை மணிக்கு ஓடுகிறது, தொட்டி எத்தனை மணிக்குக் காலியாகிறது, வாட்ச்மேன் அண்ணன் என்ன சொல்கிறார் என்று எழுதிக் கொண்டுபோனபோது தலைமை ஆசிரியர் படித்துவிட்டு, ‘அடுத்த இதழ்ல போடு, அதுக்குள்ள சரி பண்ணிடறேன்’ என்றார். செய்தியாக வராமல் போனதில் எனக்குக் கோபம்தான், ஆனால் தண்ணீர் வந்தது. நியாயமா என்று கேட்டால் இப்போதும் எனக்குக் குழப்பமாகத்தான் இருக்கிறது.

எழுதி முடித்த பிறகு சத்தமாக வாசியுங்கள். ‘விழா இனிதே நடைபெற்றது’, ‘மாணவர்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்’ மாதிரி வாக்கியம் வந்தால் அடித்துவிடுங்கள், எந்தப் பள்ளிக்கும் எந்த வருஷத்துக்கும் பொருந்துகிற வாக்கியம் உங்கள் இதழுக்குத் தேவையில்லை. விளையாட்டு விழாவில் ரிலே ஓடும்போது மழை வந்து பாதியில் நின்றது என்றால் அதுதான் முதல் வரி, சிறப்பு விருந்தினர் பெயர் கடைசிப் பத்தியில் போதும். விருந்தினரைக் கூட்டி வந்த ஆசிரியருக்கு இது பிடிக்காது, அது வேறு விஷயம்.

பிளஸ் டூவில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்பார்கள். டிசம்பருக்கு மேல் நான் களத்துக்குப் போகவில்லை, பத்தாவது, பிளஸ் ஒன் பிள்ளைகள் எழுதி வந்ததைத் திருத்திக் கொடுத்ததோடு சரி. திருத்துவதிலும் நிறையக் கற்றுக்கொள்ளலாம். இதழியல் படிக்கப் பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் பிரச்சினை இல்லை, அதனால் குரூப்பை மாற்றச் சொல்லி வீட்டில் சண்டை போட வேண்டாம். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து ஒன்பது வரை படிக்கிறவர்கள் கல்வித் துறையின் ‘தேன்சிட்டு’ இதழைப் புரட்டிப் பாருங்கள். பெரிய வகுப்பில் இருப்பவர்கள் பி. சாய்நாத் தொடங்கிய ‘பாரி’ இணையதளத்தைப் பாருங்கள், கிராமத்து ஆட்களைப் பற்றி மாணவர்கள் எழுதியதையும் அங்கே போடுகிறார்கள், தமிழிலும் படிக்கலாம்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றால் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தேதி முன்கூட்டியே தெரியும், அதில் பாதி நாள் பள்ளியும் லீவு. ஓட்டுரிமை இல்லாததால் கை தூக்க முடியாது, ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதை எங்கள் ஊரில் யாரும் தடுத்ததில்லை. 500 பேர் வரை இருக்கிற ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. கூட்டம் தொடங்கினதும் தலையை எண்ணுங்கள், முடியும்போது இன்னொரு முறை எண்ணுங்கள், கையெழுத்து நோட்டில் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் அதுவும் செய்தி, ஒத்துப்போகாவிட்டால் ஊராட்சிச் செயலரிடம் மறுநாள் சாயங்காலம் போய்க் கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது.