நாற்பது சதவீதம் வேறு, எஸ்யூ5 வேறு

என் மகள் தேசிய பாரா இறகுப்பந்துப் போட்டியில் வெண்கலம் வென்று திரும்பியதும் அரசின் ஊக்கத்தொகைக்கு விண்ணப்பித்தோம். இணையப் படிவம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதன் பிறகு ஒரே ஒரு தாளுக்காக மாவட்டத் தலைநகருக்கு மூன்று முறை அலைந்தோம்.

பிறக்கும்போதே தோள் நரம்பு பாதிக்கப்பட்டதால் அவளால் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. கைக் குறைபாடு உள்ளவர்களுக்கான எஸ்யூ5 பிரிவில் ஆடுகிறாள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் துளசிமதி முருகேசன் வெள்ளியும் மனிஷா ராமதாஸ் வெண்கலமும் வென்றது இதே பிரிவில்தான். விண்ணப்பத்தைச் சரிபார்த்த எழுத்தரோ, யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் குறைபாடு நாற்பது சதவீதம் என்றுதான் இருக்கிறது, எஸ்யூ5 என்று எங்கும் இல்லை, அரசு மருத்துவரிடம் எழுதி வாங்கி வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

மருத்துவமனையில் அரை நாள் காத்திருந்த பிறகு, "சதவீதம்தான் நாங்கள் தருவோம், விளையாட்டுப் பிரிவை நாங்கள் எழுத முடியாது" என்றார் மருத்துவர். அவர் சொன்னதுதான் சரி. சதவீதம் அரசின் சலுகைகளுக்கான அளவுகோல். பிரிவை முடிவு செய்பவர்கள், மூட்டு எவ்வளவு அசைகிறது, தசைக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்று சோதித்து, களத்தில் ஆடுவதையும் பார்க்கும் வகைப்பாட்டாளர்கள். அட்டை கையில் இருப்பதாலேயே ஒருவருக்குப் பிரிவு கிடைத்துவிடாது.

இரண்டாம் முறை வகைப்பாட்டுத் தாளைக் கொண்டுபோனேன். அதில் 'ஆர்' என்று இருந்ததைப் பார்த்த எழுத்தர், இன்னும் மறுஆய்வில் இருக்கிறது, முடிவாகவில்லை என்றார். பிரிவு ஒதுக்கப்பட்டுவிட்டது, போட்டியில் ஆடலாம், பின்னர் மீண்டும் பரிசோதிப்பார்கள் என்பதே அதன் பொருள் என்று எவ்வளவு விளக்கியும் பயனில்லை. ஆகவே போட்டி நடக்கும் இடத்தை விட்டுக் கிளம்பும் முன்பே கையொப்பமும் முத்திரையும் உள்ள வகைப்பாட்டுத் தாளின் நகலையும், அந்த எழுத்துக்கு விளக்கம் சொல்லும் விளையாட்டுச் சங்கக் கடிதத்தையும் வாங்கிவிடுங்கள். அட்டை, வங்கிப் புத்தகம், பதக்கச் சான்றிதழ் மூன்றிலும் தலைப்பெழுத்து ஒரே இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாம் முறை சங்கக் கடிதத்துடன் போனபோது, மேலதிகாரி அதை ஐந்து நிமிடம் பொறுமையாகப் படித்துவிட்டுக் கையொப்பமிட்டார். ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த அலுவலகம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. கீழே, படிக்கட்டின் அருகே, சக்கர நாற்காலியில் ஆடும் வீரர் ஒருவர் காலையிலிருந்து காத்திருந்தார். மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் திறம்படப் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு சொல்கிறது. அவரோ தம் விண்ணப்பத்தைத் தாமே கொடுக்க முடியாமல், மேலே போகிறவர்களிடம் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார். நான்தான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய விண்ணப்பமும் வகைப்பாட்டுத் தாள் இல்லையென்று திரும்பி வந்தது. யாரிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை அவருடைய உறையின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பேருந்து ஏறினேன்.