கையால் செய்த பொங்கல் வாழ்த்து
300 ஜிஎஸ்எம் கனமுள்ள 6 ஏ4 அட்டைகளை இரண்டாக வெட்டி மடித்து, இந்த ஆண்டு அனுப்ப வேண்டிய 12 பொங்கல் வாழ்த்துகளையும் நேற்றிரவு நானே செய்து முடித்தேன். கரும்பு உருவம் செதுக்கிய ரப்பர் ஸ்டாம்பின் மீது மைப் பேடை மெல்லத் தட்ட வேண்டுமே தவிர, அழுத்தித் தேய்த்தால் கோடுகளின் இடுக்கில் மை தேங்கிக் கணுக்கள் எல்லாம் கறையாகிவிடும். பிக்மென்ட் மை மெதுவாகக் காய்வதால் அதன் ஈரத்தில் தங்க நிற எம்பாஸிங் பொடி நன்றாக ஒட்டுகிறது. சூடான காற்றை வீசும் ஹீட் கன்னைக் காட்டியதும் அந்தப் பொடி உருகிப் பளபளவென்று மேலெழும் சில நொடிகளுக்காகவே இரவெல்லாம் விழித்திருக்கலாம். டை எனும் வெட்டச்சை அழுத்தி வெட்டிய பானை உருவம்தான் முதலில் விளிம்பில் பிய்ந்தது; அடியில் கூடுதலாக ஒரு தாளை வைத்து அழுத்தத்தைக் கூட்டியபின் சுத்தமாக வந்தது. ஓர் அட்டையில் மட்டும் ‘பொங்கல்’ சற்றே சாய்ந்துவிட்டது. அது அத்தைக்கு, அவர் கண்ணாடி போடாமல்தான் படிப்பார்.